மேலேறிப் போன பல்

எங்கள் வீட்டுக்கு முன்னால் இருந்த, படகு கட்டும் ஜெட்டியின் மணலில், ஒரு பின்னேரம் முழுவதும் பெரியவர்கள் முழங்காலில் நின்று ஒரு பல்லைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கடலிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்த ஆண்கள், மீன் வாங்க வந்த பெண்கள், காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்ட ஒரு துறைமுகக் கிளாக்கர், எல்லோருமாகத்தான். கிண்ணியாவிலிருந்து வந்து அப்பாவோடு லோஞ்ச் படகில் வேலை செய்த முஸ்லிம் அண்ணர், எங்களுக்குக் காக்கா, எங்கள் குசினிக்குள்ளிருந்து அரிதட்டையே வாங்கிக்கொண்டு வந்து மணலை அரித்தார். பல்லின் சொந்தக்காரி என் தங்கச்சி. அவளுக்கு அப்போது நாலு வயது நிரம்பவில்லை. சின்னம்மாவின் இடுப்பில் இருந்தபடி, இரத்தம் ஊறிய சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, தன்னைவிட மற்றவர்கள் பெரிதாகப் பதறுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். சிரித்து முடிய, சின்னம்மாவின் முகம் ஞாபகம் வரும். அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்தவர்கள் விழுந்தது அவர்தான் என்று நினைத்திருப்பார்கள்.

எங்கள் வீடு ஓர்ஸ் ஹில் என்ற குன்றின் இறக்கத்தில், உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தது. வெள்ளைக்காரரின் கடற்படை போய்விட்டது. அவர்கள் விட்டுப்போன ஜெட்டிகளும் இரும்புக் குற்றிகளும் எங்களுடையவை ஆகிவிட்டன. அப்பா துறைமுக லோஞ்ச் ஓட்டினார். அம்மா காய்ச்சலில் போனபோது தங்கச்சி தவழ்ந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்ப்பதற்கென்று வந்த அம்மாவின் தங்கை பிறகு திரும்பிப் போகவில்லை. ஒரு வருடம் கழிய, இறந்த மனைவியின் தங்கையைக் கட்டுவதற்கு ஆயரிடம் அனுமதி எடுத்து, அப்பா அவரை மாதா கோயிலில் கலியாணம் முடித்தார். விடியற்காலைப் பூசை; மேளமில்லை, பலகாரமில்லை. சம்மதமா என்று பூசை வைத்த சுவாமி கேட்டபோது சின்னம்மா சொன்ன 'ஓம்' அவருக்குக் கேட்காமல், திரும்பவும் கேட்கவேண்டி வந்தது. அவ்வளவு மெல்லிய குரல். பிறந்ததிலிருந்து அவரைச் சின்னம்மா என்று கூப்பிட்டதால், கலியாணத்துக்குப் பிறகும் நாங்கள் அப்படியே கூப்பிட்டோம். அவரும் அப்பாவை முன்போலவே அத்தான் என்றார். ஒருவரும் ஒருவரின் பெயரையும் மாற்றவில்லை. ஊர்தான் மாற்றியது. எங்கள் தெருவில் அதற்குப் பிறகு அவருக்குப் பெயர், "அந்தப் பிள்ளையளின்ர இரண்டாந்தாய்."

இதற்குள் அப்பாவின் அக்கா, எங்கள் மாமி, ஒரு பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தார். மாமி மட்டக்களப்பில் இருந்தார். நல்ல உயரம், நல்ல குரல், வீடு நிறைய அலுமாரி, பிள்ளை இல்லை. அம்மாவின் செத்தவீட்டிலேயே, "சின்னவளை என்னட்டைத் தாரும் தம்பி, நான் வளக்கிறன்" என்று கேட்டவர். அப்பா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்பாவின் பெரிய குணமும் அதுதான், பெரிய குறையும் அதுதான். பதில் கிடைக்காத கேள்வியை மாமி மறக்கவில்லை. ஒவ்வொரு தரம் வரும்போதும் தங்கச்சியைத் தூக்கி மடியில் வைத்து, "என்ர தாயில்லாப் பிள்ளை" என்று கொஞ்சுவார். சின்னம்மா அதே அறையில் நின்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பார். மாமிக்குக் கெட்ட மனம் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளை ஆசை கண்ணை மறைத்தது. ஆனால் அந்தச் சொல்லை அவர் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் கோபமாக வரும். நான் ஒன்பது வயதிலேயே வாய்க்காரி; அப்பாவின் முகத்துக்காக மட்டும் பேசாமல் இருந்தேன்.

விபத்து ஒரு பெரிய கதையில்லை. பின்னேரத்தில் அப்பாவின் லோஞ்ச் வரும் நேரத்துக்கு நாங்கள் ஜெட்டிக்குப் போவது வழக்கம். அப்பா தூரத்திலேயே ஹோர்ன் அடிப்பார். அன்றைக்கு ஹோர்ன் கேட்டதும் தங்கச்சி சின்னம்மாவின் கையை உதறிவிட்டு ஓடினாள். கிடந்த கயிறு தடக்கி, லோஞ்ச் கட்டும் இரும்புக் குற்றியில் வாய் அடிபட விழுந்தாள். தூக்கிப் பார்த்தால் வாய் நிறைய இரத்தம், மேல்வரிசையில் முன்பல் ஒன்று இருந்த இடம் வெறுமை. பல் எங்கே என்றதுதான் எல்லோருடைய முதல் கேள்வியும். எங்கள் பக்கத்தில் விழுந்த பாற்பல்லைக் கூரையில் எறிந்து அணிலிடம் கொடுக்கவேண்டும். அணில் பதிலுக்குப் புதுப்பல் தரும். நிலத்தில் கிடந்து ஆட்களின் காலில் மிதிபட்டால் புதுப்பல் கோணலாக வரும், வராமலும் போகும். அதை ஒருவரும் முழுதாக நம்பவில்லை, ஒருவரும் நம்பாமலும் இல்லை. அதுவும் பெண்பிள்ளையின் முன்பல். எனவே ஜெட்டி முழுவதும் முழங்காலில் நின்றது.

எங்கள் கரை மணலில் பாதி சிப்பி உடைசல். அதற்குள் ஒரு குழந்தைப் பல்லைத் தேடுவது என்றால் நினைத்துப் பாருங்கள். பொழுது படும் நேரத்தில் காக்கா, "இந்தா, அகப்பட்டிட்டுது" என்று எழும்பினார். அரிசி அளவில் வெள்ளையாக ஒன்று. கழுவிப் பார்த்தார்கள். கிளாக்கர் அதன் அடிப்பக்கம் உடைந்திருக்கிறது என்றார். அப்பா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அடுத்தநாள் காலை தங்கச்சி அதை எங்கள் தகரக் கூரைக்கு எறிந்தாள். அது கடகடவென்று உருண்டு திரும்பக் கீழே வந்தது. மறுபடியும் எறிந்தாள், மறுபடியும் வந்தது. கடைசியில் காக்கா ஏணி வைத்து ஏறி, தகரத்தின் மடிப்புக்குள் அதை அழுத்தி வைத்துவிட்டு இறங்கினார். "இனி அணில் பாத்துக்கொள்ளும்" என்றார். எல்லோருக்கும் மனம் ஆறியது.

சின்னம்மாவுக்கு மட்டும் ஆறவில்லை. காலையும் மாலையும் இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் வெள்ளைச் சீலைத் துண்டை நனைத்து, விரலில் சுற்றி, தங்கச்சியின் முரசை, அந்தப் பல் ஈற்றை, ஒற்றி ஒற்றித் துடைப்பார். உதட்டு வீக்கம் வற்றிய பிறகும் முரசு ஓரிடத்தில் புடைத்துக்கொண்டு நின்றது. ஒருநாள் துடைக்கும்போது அவருடைய விரல் அந்த இடத்தில் நின்றுவிட்டது. திரும்பவும் மெதுவாகத் தடவிப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு என் விரலையும் வைக்கச் சொன்னார். முரசுக்குள்ளே கடினமாக ஏதோ இருந்தது. விழுந்த வேகத்தில் பல் வெளியே வரவில்லை. முளைத்த வழியாலேயே திரும்பி உள்ளே ஏறிப் போயிருந்தது.

இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் நின்று பேசவேண்டும். அந்த நேரம் மாமி எங்கள் வீட்டில் இருந்தார். அம்மாவின் ஆண்டுப் பூசைக்கு வந்தவர். பிள்ளையின் கையை ஏன் விட்டாய் என்று வந்த அன்றைக்கே கேட்டு, சின்னம்மாவை ஒரு மூலைக்குத் தள்ளியிருந்தார். பல் விழுந்தது, கூரையில் போட்டாயிற்று, கதை முடிந்தது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். சின்னம்மா வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். அவருடைய சுபாவத்துக்கு வாயைத் திறக்காமல் இருப்பதுதான் லேசு. தன் கைப்பிழையைத் தானே பெரிதாக்கிக் காட்டினால், அந்தப் பிள்ளையைத் தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போவதற்குத் தானே வழிவிட்டதாகும் என்பது அவருக்குத் தெரியும். என்றாலும் அன்றைக்கே சாப்பாட்டு மேசையில், மாமிக்கு முன்னால், "அத்தான், பல்லு விழேல்லை. உள்ளுக்கை கிடக்கு" என்றார்.

அப்பா சோற்றில் வைத்த கையை எடுத்தார். "அப்ப கூரையில கிடக்கிறது என்ன?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு அடக்க ஏலாமல் போய்விட்டது. பிறகு விஷயம் காக்காவின் காதுக்குப் போக, "நான் ஏணி வச்சு ஏறினது சிப்பிக்கா வாப்பா" என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். மாமி சிரிக்கவில்லை. உள்ளே கிடக்கிற பல் சீழ் பிடிக்கும், பின்னால் வரப்போகிற பல்லையும் அழித்துப் போடும், பெண்பிள்ளையின் முகம் பழுதாகப் போகும் என்றார். "நாளைக்கே கொண்டுபோய் வெட்டிப் பிடுங்குவிக்க வேணும் தம்பி. காயம் ஆறினதும் நான் பிள்ளையைக் கொண்டுபோறன். இஞ்ச ஆர் எப்பிடிப் பாக்கினம் எண்டு தெரியுதுதானே." அப்பா வழக்கம்போலச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அடுத்தநாள் பெரியாஸ்பத்திரிக்கு மாமியும் சின்னம்மாவும் தங்கச்சியைக் கொண்டுபோனார்கள். நானும் அழுது அடம்பிடித்துப் பின்னால் போனேன். போனது நல்லதாயிற்று, இல்லையென்றால் இந்தக் கதையை யாரும் சரியாகச் சொல்லியிருக்கமாட்டார்கள். பல் டொக்டர் வயதானவர், அவசரப்படாத மனிதர். தங்கச்சியை உயர்ந்த கதிரையில் இருத்தி, சின்னக் கண்ணாடியால் பார்த்து, முரசை அழுத்திப் பார்த்து, "ஓம், பல் மேலே ஏறிப்போய் நிக்குது" என்றார். மாமி பிடுங்கவேண்டிய நியாயங்களை எல்லாம் அடுக்கினார். டொக்டர் மறுக்கவில்லை. பிடுங்கலாம் என்றார். விட்டும் பார்க்கலாம், பல தரம் தானாகவே இறங்கிவரும், மாதக்கணக்கில் செல்லும் என்றார். "ஆனா விடுறதெண்டால் பாக்கிறதுக்கு ஆள் வேணும். முரசு வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ உடன கொண்டர வேணும்."

அப்போது சின்னம்மா பேசினார். கதிரைக்குப் பின்னால் நின்றபடி, தங்கச்சியின் தலையில் கைவைத்துக்கொண்டு கேட்டார். "இப்ப வெட்டி எடுத்தால், உள்ளுக்கை இருக்கிற புதுப்பல்லுக்குப் படாதோ டொக்டர்?"

"படலாம்."

"விட்டால்?"

"அடிபட்டபோதே பட்டிருந்தால் ஒண்டும் செய்ய ஏலாது. படாமல் இருந்தால், விடுறது அதைக் காப்பாத்தும்."

"அப்ப விடுவம்" என்றார் சின்னம்மா.

மாமி சடாரென்று திரும்பினார். டொக்டர் பேனையை எடுத்துக்கொண்டு சின்னம்மாவைப் பார்த்து, "நீங்கள் தாயோ?" என்று கேட்டார். மாமிக்கு இது போதும். "தாய் இல்லை டொக்டர், தாய் செத்து..." என்று தொடங்கினார். சின்னம்மா குறுக்கே பேசினார். அவர் ஒருவரைக் குறுக்கிட்டதை நான் கண்டது அதுதான் முதல் தரம். "பிள்ளையைப் பாக்கிறது நான்தான். என்ன வந்தாலும் நான்தான் கொண்டருவன்" என்றார். தாய் என்று சொல்லவில்லை, தாயில்லை என்றும் சொல்லவில்லை. குரல் அதே மெல்லிய குரல். ஆனால் அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டது. இந்த வயதிலும் அந்தப் பதிலை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிரும். எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேர் பேசக் கேட்டிருக்கிறேன். அந்த இரண்டு வசனத்துக்கு ஈடாக ஒன்றும் கேட்கவில்லை.

மட்டக்களப்பு பஸ்ஸுக்குப் புறப்படும்போது மாமி வாசலில் நின்று கறாராகச் சொன்னார். "பாலன் பிறப்புக்கு, நத்தாருக்கு வருவன். பல்லில ஒரு பழுது கண்டனெண்டால், ஆரையும் கேக்காமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவன். தம்பி, கேட்டுதோ?" அப்பா காலடி நிலத்தைப் பார்த்தார். அந்த மௌனத்துக்காக நான் அவரோடு அன்று முழுவதும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சின்னம்மாதான் "சரி, மச்சாள்" என்றார்.

பிறகு எங்கள் வீடு ஒரு பல்லுக்காக நடந்தது. புட்டைப் பாலில் குழைத்துத்தான் தங்கச்சிக்குக் கொடுத்தார்கள். கச்சான் கடலை, முறுக்கு, கரும்பு ஒன்றும் வாசற்படி தாண்டவில்லை. அவளுக்கு இல்லாதது எனக்கும் இல்லை என்று சட்டம். நான் முணுமுணுத்தால், "அவள் பாத்துக்கொண்டிருக்க உனக்கு இறங்குமோ?" என்று கேட்பார். இறங்கும் என்றுதான் நான் நினைத்தேன், சொல்லவில்லை. ஒவ்வொரு காலையும் குசினிப் படியில், கடல் வெளிச்சம் படும் பக்கமாகத் தங்கச்சியை மடியில் கிடத்தி, மேலுதட்டை விரலால் தூக்கிப் பார்ப்பார். தங்கச்சியும் பழகிவிட்டாள், சின்னம்மா படியில் இருந்தாலே ஓடிவந்து மடியில் விழுந்து வாயைத் திறப்பாள். மாதங்கள் போயின. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடித்து ஓய்ந்தது. முரசில் ஒரு மாற்றமும் இல்லை. தெருவில் சிலர், பொறுப்பில்லாமல் பிள்ளையின் வாயைப் பழுதாக்குகிறாள் என்று கதைத்தார்கள். சின்னம்மாவுக்கும் அது காதில் விழுந்தது. அவர் இரவில் சாப்பாட்டைக் குறைத்ததும், செபமாலையை நீட்டிச் சொன்னதும் எனக்குத் தெரியும்.

மழை தொடங்கிய நாட்களில் ஒரு காலை, மேலுதட்டைத் தூக்கியவரின் முகம் மாறியது. முரசு சிவந்து, நடுவில் வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது. "சீழ் வைச்சிட்டுது" என்றார். அப்பா கடலில் இருந்தார். குடையும் எடுக்கவில்லை, தங்கச்சியைத் தோளில் போட்டு, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, இறக்கமும் ஏற்றமுமாக ஆஸ்பத்திரிவரைக்கும் நடந்தும் ஓடியும் போனார். நான் அவருடைய செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். அது சேற்றில் கழன்று விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. டொக்டர் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சின்னம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "சீழில்லை அம்மா. பல்லு. இறங்கி வருது." சின்னம்மா அந்த அறையிலேயே நிலத்தில் இருந்து அழுதார். சத்தமாக அழுதார். அவருக்குச் சத்தம் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நத்தாருக்கு மாமி வந்து, பயணப் பையை வைத்த கையோடு தங்கச்சியின் வாயைத் திறந்து பார்த்தார். பல் முக்கால்வாசி இறங்கியிருந்தது. ஆனால் கொஞ்சம் சரிந்து, நிறமும் மங்கி, சாம்பல் பூத்தமாதிரி. "நிறம் போட்டுதே" என்றார் மாமி. எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அப்பா ஏதோ சொல்லத் தொடங்கினார் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் சின்னம்மா, "நிறம் போனாலும் பல்லு நிக்குது மச்சாள். புதுப்பல்லு வாறவரைக்கும் நான் பாப்பன். பிள்ளை ஒரு இடமும் வராது" என்றார்.  அப்பா எழும்பிப் போய் மாமியின் பையை உள்ளே விருந்தினர் அறையில் வைத்துவிட்டு வந்தார். அவருடைய பாஷையில் அது பெரிய பிரசங்கம்.

அண்மையில் எங்கள் சொந்தத்தில் ஒரு குழந்தை மாபிள் கல் நிலத்தில் விழுந்து, இதேபோலப் பல் மேலேறிவிட்டது. இளம் தாய் அழுதாள், பயந்தாள். ஆனால் அன்றைக்கே படம் பிடித்துப் பார்த்து, வரும் பல் எங்கே இருக்கிறதென்று திரையில் காட்டி, விட்டுவிடுங்கள் இறங்கும் என்று சொல்லிவிட்டார்கள். அவள் வீட்டுக்கு வந்து நிம்மதியாக நித்திரை கொண்டாள். நல்லது, அப்படித்தான் இருக்கவேண்டும். சின்னம்மாவிடம் படமும் இல்லை, திரையும் இல்லை, பக்கத்தில் நின்று பேச ஒருவரும் இல்லை. தன் விரல் நுனியில் பட்டதையும் ஒரு டொக்டரின் சொல்லையும் நம்பி, தான் தோற்றால் எதைக் கொடுக்கவேண்டும் என்று தெரிந்துகொண்டே காத்திருந்தார். பிற்காலத்தில் யாராவது புகழ்ந்தால், "பல்லு தானா இறங்கினது, நான் என்ன செய்தனான்" என்பார். நான் விடமாட்டேன். இன்றைக்கும் கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தங்கச்சிக்குப் புதுப்பல் வந்தது. நேராக, உறுதியாக, ஓரத்தில் சுண்ணாம்பு தொட்டதுபோல ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியோடு. அந்தப் புள்ளி எங்கள் வீட்டாருக்கு மட்டும்தான் தெரியும். அந்த வருடம்தான் அவளுக்கு முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். மாமி மட்டக்களப்பில் தன் கையாலேயே தைத்த வெள்ளை முக்காட்டோடு வந்திறங்கினார். வந்ததும் தங்கச்சியின் மேலுதட்டைத் தூக்கி, அந்தப் பல்லைப் பெருவிரலால் ஒரு தரம் தடவிப் பார்த்தார்.  எங்கள் கோயிலில் ஒரு வழக்கம்: பூசைக்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் தாய் முன்னுக்கு வந்து முக்காடு போட்டு, மெழுகுதிரி கொளுத்திக் கையில் கொடுக்கவேண்டும். "தாய்மார் வாங்கோ" என்று சுவாமி கூப்பிட்டார். மற்றத் தாய்மார் எழும்பிப் போனார்கள். சின்னம்மா கடைசி வாங்குப் பலகையில் தலையைக் குனிந்தபடி இருந்தார். அந்த இடம் தன்னுடையதில்லை என்று நினைத்திருப்பார். முக்காடு மாமியின் கையில் இருந்தது. முன்வாங்கில் இருந்த மாமி எழும்பினார். தாயின் இடத்துக்குத் தானே போகப்போகிறார் என்று நான் எழும்பப் பார்த்தேன்.

மாமி முன்னுக்குப் போகவில்லை. திரும்பி, கோயில் முழுவதும் கேட்கிற அந்தக் குரலில், "பிள்ளையின்ர தாயைக் கூப்பிடினம். நீர் அங்க பின்னுக்கிருந்து என்ன செய்யிறீர்?" என்று கேட்டு, முக்காட்டை நீட்டினார்.

சின்னம்மா எழும்பி நடந்து வந்தார். எல்லோரும் பார்க்கிறார்களா என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.